கேரமும் டார்ட்ஸும்: உள்ளரங்க ஆட்டம் ஒன்று தொழிலாகும் வழி

கேரம், டார்ட்ஸ் இரண்டும் குறி பார்த்து ஆடும் ஆட்டங்கள். இரண்டுக்கும் மைதானம் தேவையில்லை. ஓர் அறை, ஒரு பலகை, நல்ல வெளிச்சம் இருந்தால் போதும். உழைக்கும் மக்களின் மாலை நேரத்தில்தான் இரண்டும் வளர்ந்தன. டார்ட்ஸ் இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் வேர் பிடித்தது. கேரம் இந்தியாவிலும் இலங்கையிலும் தெருமுனை மன்றங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் தழைத்தது. ஆனால் இன்று இரண்டின் நிலையும் வேறு வேறு. டார்ட்ஸ் உலக சாம்பியனுக்கு 2026 ஜனவரியில் கிடைத்த பரிசு 10 லட்சம் பவுண்டு. கேரமில் உலகப் பட்டம் வென்றவருக்கோ அரசின் ஊக்கத்தொகையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையுமே வாழ்வாதாரம்.

திறமையில் இரண்டு ஆட்டங்களின் ஆட்டக்காரர்களும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். ஆடுவோர் எண்ணிக்கையிலும் கேரம் குறைந்ததல்ல. ஆண்டு முழுவதும் தடையின்றி ஓடும் போட்டிப் பருவம், அதில் ஈட்டிய பணத்தையே அளவாகக் கொண்ட தரவரிசை, எவரும் படித்தறியக்கூடிய ஆட்டக் கணக்கு ஆகிய மூன்றும் டார்ட்ஸுக்கு வாய்த்தன. கேரமுக்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. தமிழ்நாட்டுக் கேரமின் நிலை, டார்ட்ஸின் 2025ஆம் ஆண்டுப் பருவம், ஜோலார்பேட்டை போன்ற ஓர் ஊரிலிருந்து மேலே வரும் ஆட்டக்காரரின் வழி ஆகியவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

பலகையும் குறியும்

போட்டிக் கேரம் பலகையின் ஆடுபரப்பு, பக்கத்துக்கு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் வரை உள்ள சதுரம். மூலைக் குழி ஒவ்வொன்றின் விட்டமும் 4.45 சென்டிமீட்டர். காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர். ஆக, குழிக்குள் காய் நுழையக் கிடைக்கும் இடைவெளி ஏறத்தாழ 1.3 சென்டிமீட்டர்தான். காய்களை அடிக்கப் பயன்படும் ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டருக்கும் எடை 15 கிராமுக்கும் மிகக் கூடாது. குழியைவிடச் சற்றே சிறியது என்பதால் காயைத் தொடர்ந்து அதுவும் உள்ளே விழக்கூடும். விழுந்தால் தண்டம், போட்ட காயை எடுத்து நடுவில் வைக்க வேண்டும்.

ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு என மொத்தம் 19 காய்கள். சிவப்பு நடுவில் இருக்கும். அதைச் சுற்றி ஆறும், அந்த ஆறைச் சுற்றிப் பன்னிரண்டும் நெருக்கமாக அடுக்கப்படும். தெருவில் ரெட் என்று சொல்லப்படும் சிவப்பைப் போட்டவர், அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு ஃபாலோ என்று பெயர். தன் காய்கள் ஒன்பதையும் முதலில் முடித்தவருக்கு அந்தப் போர்டு, அதாவது அந்தச் சுற்று, சொந்தம். எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்பும் தன்னுடையதானால் கூடுதலாக 3. எனவே ஒரு போர்டில் கிடைக்கக்கூடிய உச்சப் புள்ளி 12. 25 புள்ளியை எட்டுவது அல்லது எட்டுப் போர்டு முடிவது, இவற்றில் எது முந்துகிறதோ அத்துடன் ஓர் ஆட்டம் முடியும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவர் போட்டியை வெல்வார்.

டார்ட்ஸில் பலகை சுவரில் செங்குத்தாக நிற்கிறது. அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். எறியும் கோடு பலகையிலிருந்து 2.37 மீட்டர் தூரம். பலகை 20 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் மதிப்பை இரட்டிப்பாக்கும் ஒரு வளையமும் மும்மடங்காக்கும் ஒரு வளையமும் உண்டு. அந்த வளையங்களின் அகலம் 8 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு முறைக்கு மூன்று அம்பு எறியலாம். மூன்றும் 20இன் மும்மடங்கு வளையத்தில் தைத்தால் 180, அதுவே உச்சம். இருவரும் 501இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள். கடைசி அம்பு இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ தைத்துக் கணக்கு சரியாகச் சுழியத்தில் முடிய வேண்டும். இந்த விதி இருப்பதால், எவ்வளவு முன்னே ஓடியவரும் கடைசி அம்பில் தடுமாறித் தோற்க வாய்ப்புண்டு.

இரண்டு ஆட்டத்திலும் குறையற்ற ஆட்டம் என்று ஒன்று உண்டு. டார்ட்ஸில் 501ஐ ஒன்பதே அம்புகளில் முடிப்பது. 1984 அக்டோபர் 13 அன்று ஜான் லோ தொலைக்காட்சி ஒளிபரப்பில் முதன்முறையாக அதைச் செய்து 1,02,000 பவுண்டு பரிசு பெற்றார். கேரமில் அதற்கு இணையானது வொயிட் ஸ்லாம்: ஆட்டத்தைத் தொடங்குபவர் எதிராளிக்குக் கை கொடுக்காமல், தன் ஒன்பது காய்களையும் சிவப்பையும் ஒரே தொடர்ச்சியில் போட்டு முடிப்பது. கறுப்புக் காய்க்காரர் தன் முதல் வாய்ப்பிலேயே அப்படி முடித்தால் அது பிளாக் ஸ்லாம். கேரமின் குறையற்ற ஆட்டம் ஒரு வகையில் கூடுதல் கடினம். டார்ட்ஸ் பலகையில் 20இன் இடம் என்றும் மாறுவதில்லை. கேரமில் முதல் அடியில் காய்கள் சிதறும் விதம் ஒவ்வொரு முறையும் வேறு. அந்தச் சிதறலைப் பார்த்த மாத்திரத்தில் பத்துக் காய்களின் வரிசையையும் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் காயை முதலில் எடுத்தால் அடுத்ததற்கு வழி திறக்கும், எதை விட்டுவைத்தால் எதிராளியின் காய்க்கு மறிப்பாக நிற்கும், சிவப்பைப் போட்ட கையோடு ஃபாலோவுக்கு எந்தக் காயைத் தயாராக வைத்திருப்பது என்று எல்லாவற்றையும் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். கை அளவுக்குத் தலையும் வேலை செய்யும் ஆட்டம் இது.

டார்ட்ஸ் தொழிலான வரலாறு

டார்ட்ஸ் உலகப் போட்டி 1978இல் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பின் பொறுப்பில் தொடங்கியது. முதல் பட்டத்தை வேல்ஸைச் சேர்ந்த லெய்டன் ரீஸ் வென்றார். எறிபவரின் முகத்தையும் பலகையையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் முறை, 1980களின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்தை வீட்டு வரவேற்பறைகளுக்குக் கொண்டுபோனது. ஆனால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒளிபரப்பு குறைய, பரிசும் விளம்பரமும் சுருங்கின. முன்னணி ஆட்டக்காரர்களுக்கு வருமானமே இல்லாமல் போகும் நிலை வந்தது.

1992இல் 16 முன்னணி ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டனர். அதுவே பின்னாளில் தொழில்முறை டார்ட்ஸ் கழகம் ஆனது. பழைய அமைப்பு அவர்களைத் தடை செய்தது, வழக்கு நடந்தது, 1997இல் சமரசம் ஏற்பட்டு, ஆட்டக்காரர்கள் தாம் விரும்பும் உலகப் போட்டியில் ஆடும் உரிமை பெற்றனர். 2001இல் குத்துச்சண்டையிலும் ஸ்னூக்கரிலும் அனுபவம் பெற்ற பேரி ஹேர்ன் கழகத்தின் தலைவரானார். போட்டிகளைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக நடத்தாமல், ஜனவரியில் தொடங்கி மறு ஜனவரியில் முடியும் ஒரே தொடராக அவர் கோத்தார். ஃபில் டெய்லர் இரண்டு அமைப்புகளிலுமாக 16 உலகப் பட்டங்கள் வென்று, 2018 ஜனவரியில் ராப் கிராஸிடம் இறுதிப் போட்டியில் தோற்ற கையோடு ஓய்வு பெற்றார். அவ்வளவு பெரிய பெயர் மேடையை விட்டு இறங்கியும் ஆட்டம் சரியவில்லை. ரசிகர்களை இழுத்து வைத்திருக்கும் வேலையை அதற்குள் பருவமே ஏற்றுக்கொண்டிருந்தது.

ஒரு பருவம்: 2025

டார்ட்ஸ் பருவத்தின் அடித்தளம் 128 ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வழங்கப்படும் ஆட்ட அட்டை. ஒரு முறை பெற்றால் இரண்டு ஆண்டு செல்லும். தரவரிசையில் முதல் 64 இடத்துக்குள் இருப்பவர்கள் அட்டையைத் தக்கவைத்துக்கொள்வார்கள். அட்டையை இழந்தவர்களும் புதியவர்களும் ஜனவரியில் நடக்கும் தகுதிச் சுற்றில் மீண்டும் முட்டி மோத வேண்டும். தரவரிசை என்பது கடந்த இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுத் தொகையின் கூட்டல். இன்று வென்ற பணம் இரண்டு ஆண்டு கழித்துக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதனால் பழைய புகழை வைத்து எவரும் மேலே உட்கார்ந்திருக்க முடியாது.

2025 ஜனவரி 3 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் 17 வயது லூக் லிட்லர் மைக்கேல் வான் கெர்வெனை 7–3 என்று வீழ்த்தி, மிக இளம் உலக சாம்பியன் ஆனார். ஓராண்டுக்கு முன் அதே மேடையில் லூக் ஹம்ஃப்ரீஸிடம் 4–7 என்று தோற்றவர் அவர். இந்த இருவரின் போட்டிதான் 2025 பருவத்தின் முதுகெலும்பு. பிப்ரவரியில் நடந்த உலக மாஸ்டர்ஸில் ஹம்ஃப்ரீஸ் ஜானி கிளேட்டனை 6–5 என்று வென்றார். அதே மாதம் பிரீமியர் லீக் தொடங்கியது. எட்டுப் பேர், வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை இரவு, ஒவ்வொரு வாரமும் ஒரு நகரம் என்று மே இறுதி வரை ஓடும் தொடர் அது. அதன் பரிசு தரவரிசைக் கணக்கில் சேராது. ஆனால் அரங்கை நிறைப்பதும் புதிய ரசிகர்களைக் கொண்டுவருவதும் அதுதான். மே 29 அன்று லண்டனில் ஹம்ஃப்ரீஸ் லிட்லரை 11–8 என்று வென்று அந்தக் கோப்பையைப் பெற்றார்.

இடையில் மார்ச்சில் மைன்ஹெட் கடற்கரை ஊரில் யு.கே. ஓப்பன். தகுதி பெற்ற பகுதிநேர ஆட்டக்காரர்களும் முன்னணியினரோடு மோதக்கூடிய போட்டி அது. இறுதியில் லிட்லர் ஜேம்ஸ் வேடை 11–2 என்று வென்றார். ஜூனில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நாடுகளுக்கிடையிலான இருவர் அணிக் கோப்பை. அதில் வட அயர்லாந்தின் ஜோஷ் ராக், டேரில் கர்னி இணை வேல்ஸை 10–9 என்று வென்றது. ஜூலையில் பிளாக்பூலில் உலக மேட்ச்பிளே. லிட்லர் மீண்டும் வேடை 18–13 என்று வென்றார். அக்டோபரில் லெஸ்டரில் உலக கிராண்ட் பிரி. கணக்கை முடிப்பதற்கு மட்டுமின்றித் தொடங்குவதற்கும் இரட்டை வளையத்தைத் தைக்க வேண்டிய ஒரே பெரிய போட்டி அது. அங்கே லிட்லர் ஹம்ஃப்ரீஸை 6–1 என்று வென்றார். அதே மாத இறுதியில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் நெதர்லாந்தின் கியான் வான் வேன் கடைசி லெக்கில், அதாவது கடைசி 501 ஆட்டத்தில், ஹம்ஃப்ரீஸை 11–10 என்று தோற்கடித்து ஐரோப்பிய சாம்பியன் ஆனார். நவம்பரில் வோல்வர்ஹாம்ப்டனில் கிராண்ட் ஸ்லாமை 16–11 என்று வென்ற லிட்லர், ஹம்ஃப்ரீஸிடமிருந்த தரவரிசை முதலிடத்தையும் கைப்பற்றினார். அதன் பின் மைன்ஹெட்டில் நடந்த மற்றொரு பெரிய போட்டியின் இறுதியில் நேதன் ஆஸ்பினாலை 11–8 என்று வென்றார். 2026 ஜனவரி 3 அன்று உலகப் போட்டியின் இறுதியில் வான் வேனை 7–1 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

இவை கண்ணுக்குத் தெரியும் மேடைகள். இவற்றின் அடியில் பார்வையாளர் இல்லாத அரங்குகளில் 2025இல் 34 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகளும், ஐரோப்பிய நகரங்களில் 14 சுற்றுப் போட்டிகளும் நடந்தன. தரவரிசையில் 60ஆம் இடத்தில் இருப்பவர் பிழைப்பு நடத்துவது இவற்றை நம்பித்தான். ஒரே நாளில் தொடங்கி அன்றிரவே முடியும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகளில் முதல் சுற்றுகளைத் தாண்டியவருக்கும் பணம் உண்டு. சாம்பியனின் பெரும்பரிசைவிட இந்தச் சிறு பரிசுகளின் தொடர்ச்சிதான் ஆட்டத்தைத் தொழிலாக்குகிறது.

பெண்களுக்கும் இந்த அமைப்பில் வாசல் உண்டு. ஃபேலன் ஷெராக் 2019 டிசம்பரில் உலகப் போட்டியில் ஓர் ஆணை வென்ற முதல் பெண் ஆனார். பியூ கிரீவ்ஸ் 2025இல் இளையோர் உலகப் போட்டியின் அரையிறுதியில் லிட்லரையே 6–5 என்று தோற்கடித்தார். இந்தியாவுக்கும் இந்தப் பருவத்தில் இடம் கிடைத்தது. 96 பேர் ஆடிய உலகப் போட்டி 128 பேருக்கு விரிந்த அதே முறை, 2025 டிசம்பரில் நிதின் குமார் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3–2 என்று வென்றார். அந்த மேடையில் ஒரு போட்டியை வென்ற முதல் இந்தியர் அவரே. அடுத்த சுற்றில் ஸ்டீபன் பன்டிங்கிடம் தோற்றார்.

கேரமின் ஏணி

கேரமில் ஒழுங்கான நிர்வாகம் புதிதல்ல. அகில இந்தியக் கேரம் கூட்டமைப்பு 1950களின் பிற்பகுதியில் உருவானது. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988 அக்டோபரில் சென்னையில் தொடங்கப்பட்டது. உலக அளவில் ஒரு விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பு தமிழ்நாட்டில் பிறந்தது பெருமைக்குரியது. முதல் உலக சாம்பியன்ஷிப் 1991இல் புது தில்லியில் நடந்தது. அதன் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒரு முறை உலகப் போட்டி நடக்கிறது. இடையிடையே உலகக் கோப்பை, ஆசியப் போட்டி, தெற்காசியப் போட்டி.

உள்நாட்டில் ஏணி தெளிவாகவே இருக்கிறது. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள். வயது வாரியாகச் சிறார், இளையோர், மூத்தோர் பிரிவுகள். தேசிய அளவில் மாநில அணிகளோடு பொதுத்துறை நிறுவன அணிகளும் தனித்தனியாகக் களம் இறங்கும். பெட்ரோலிய விளையாட்டு மேம்பாட்டு வாரியம், ரிசர்வ் வங்கி, ஆயுள் காப்பீட்டுக் கழகம் போன்றவை பல பத்தாண்டுகளாகக் கேரம் அணிகளை வைத்திருக்கின்றன. மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் உண்டு. எனவே கேரம் ஆட்டக்காரரின் இலக்கு பெரும்பாலும் இதுதான்: தேசிய அளவில் ஓரிடம், அதைக் காட்டி ஒரு வேலை, வேலை கிடைத்தபின் நிறுவனத்தின் செலவில் தொடர்ந்து ஆடுவது.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. டார்ட்ஸில் கை நடுங்கத் தொடங்கிய ஆட்டக்காரர் இரண்டே ஆண்டில் அட்டையை இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடும். கேரமில் வேலை பெற்றவருக்கு ஓய்வூதியம் வரை பாதுகாப்பு உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. வேலை கிடைப்பது சிலருக்குத்தான். கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் வழி கிடையாது. மாநில அளவில் எட்டாம் இடமோ பத்தாம் இடமோ பெறும் ஓர் இளைஞர் தன் ஆட்டத்தால் மாதம் ஒரு தொகை ஈட்ட இந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் குடும்பம் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாமல் பலகையை ஓரங்கட்டி வைப்பவர்கள் அவர்களே.

தமிழ்நாட்டின் ஆட்டக்காரர்கள்

1991இல் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆண்கள் பட்டம் சென்னையைச் சேர்ந்த அந்தோணி மரிய இருதயத்துக்குக் கிடைத்தது. 1995இல் அவரே மீண்டும் வென்றார். 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. கேரமுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருக்குப் பின் வடசென்னை இந்த ஆட்டத்தின் பயிற்சிக்களமாகவே நிலைத்துவிட்டது. வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் பெண்கள் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான 17 வயது காசிமா ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் பெண்கள் ஒற்றையர் தங்கம் சென்னையைச் சேர்ந்த கீர்த்தனாவுக்குக் கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு உலகக் கோப்பைகளிலும் பெண்கள் ஒற்றையர் பட்டம் ஒரே நகரத்துக்கு வந்தது.

பிற மாநிலங்களின் முன்னணியினரும் நிறுவன வேலையின் துணையோடு வளர்ந்தவர்கள். பீகாரைச் சேர்ந்த ரஷ்மி குமாரி எண்ணெய் எரிவாயுக் கழகத்தில் பணிபுரிந்தபடி உலகப் பட்டங்கள் வென்றார். ஹைதராபாத்தின் அபூர்வா ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர். 2016இல் பர்மிங்ஹாமில் உலக சாம்பியன். அதே போட்டியில் ஆண்கள் பட்டம் வென்ற பிரசாந்த் மோரே ரிசர்வ் வங்கி ஊழியர். இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ 2012இல் கொழும்பில் ஆண்கள் பட்டத்தை வென்று, இந்தியர்களையும் வீழ்த்தலாம் என்று காட்டினார்.

வடசென்னையின் வாழ்வில் கேரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பரவலாகத் தெரியச் செய்தது வெற்றிமாறன் இயக்கி 2018இல் வெளிவந்த ‘வட சென்னை’ திரைப்படம். அதன் நாயகன் கேரம் ஆட்டக்காரன். நெரிசலான வீடுகள், துறைமுக வேலை, தெருவுக்கொரு மன்றம் ஆகிய சூழலில் அங்கே இந்த ஆட்டம் செழித்தது. ஜோலார்பேட்டையைச் சுற்றியுள்ள தோல் தொழில் பகுதியின் ஊர்களிலும் இவற்றுக்கு ஒப்பான கூறுகள் உண்டு. ஆயினும் அங்கிருந்து உலகப் பட்டம் வரை போவது கடினமாக இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஜோலார்பேட்டையிலிருந்து பார்த்தால்

ஏலகிரி மலையடிவாரத்தில் உள்ள ஜோலார்பேட்டை ரயிலால் வளர்ந்த ஊர். 1864இல் பெங்களூரு கண்டோன்மென்ட் வரை பாதை திறந்தது முதல், பெங்களூரு வழியும் சேலம் வழியும் இங்கேதான் பிரிகின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ஊர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. வடகிழக்கே வாணியம்பாடியும் ஆம்பூரும் டேனரிகளாலும் ஷூ கம்பெனிகளாலும் அறியப்பட்டவை. ரயில்வே ஷிப்டும் கம்பெனி ஷிப்டும்தான் இப்பகுதி மக்களின் பொழுதை வகுக்கின்றன.

ஷிப்டு முடித்துக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் பொருத்தமான ஆட்டம் கேரம். பதினொரு பேர் சேரத் தேவையில்லை, இருட்டினாலும் ஆடலாம், மழை பெய்தாலும் நிற்காது. இளைஞர் மன்றம் அல்லது நற்பணி மன்றத்தின் முன் ஸ்டூல் மேல் பலகை, அதற்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் ஒற்றை பல்பு, ஓரத்தில் போரிக் பவுடர் டப்பா. நான்கு பேர் ஆட, எட்டுப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். பொங்கல் விடுமுறையிலும் தலைவர்களின் பிறந்த நாளிலும் இதே மன்றங்கள் நுழைவுக் கட்டணம் வசூலித்து இரட்டையர் நாக் அவுட் நடத்தும். கோப்பையும் ரொக்கமும் உள்ளூர்ப் பிரமுகரின் கொடை.

தெருவிலிருந்து போட்டிக்குப் போகும்போது முதல் தடை விதிகளில் வருகிறது. தெருவில் பல இடங்களில் நடப்பது பாயிண்ட் ஆட்டம்: கறுப்புக்கு ஒரு மதிப்பு, வெள்ளைக்கு அதைவிட அதிகம், ரெட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிகம், எந்தக் காயையும் எவரும் போடலாம். அந்த முறையில் கண்ணெதிரே இருக்கும் காயை விடாமல் போடுவதே சாமர்த்தியம். போட்டி ஆட்டத்தில் ஆளுக்கு ஒரு நிறம். எதிராளியை மறித்து வைக்கும் கணக்கு வந்துவிடுகிறது. ஸ்டிரைக்கர் அடிக்கோடுகள் இரண்டையும் தொட்டிருக்க வேண்டும். கை மூலைக்கோட்டைத் தாண்டக் கூடாது. உட்கார்ந்த இருக்கையை நகர்த்தக் கூடாது. பவுடரை அள்ளிக் கொட்டிய பலகையில் பழகிய விரல், மெல்லத் தூவிய போட்டிப் பலகையில் வேகத்தைத் தவறாகக் கணிக்கும். தெருவில் தோல்வியே காணாதவர் மாவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறுவதற்கு இது பொதுவான காரணம்.

இரண்டாம் தடை தூரம். முன்னணிப் பயிற்சியாளர்களும் திறமையான பயிற்சித் துணைகளும் பெரும்பாலும் சென்னையில் இருக்கிறார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை சுமார் 210 கிலோமீட்டர். ரயில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள் போட்டிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், தங்கினால் செலவு இரட்டிக்கும். முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டிகளில் அண்மை ஆண்டுகளில் கேரமும் சேர்ந்திருப்பது இதற்கு ஓரளவு மருந்து. மாவட்டத் தலைநகரிலேயே முறையான போட்டியும் பரிசும் கிடைக்கின்றன.

மூன்றாவது, பெண்களுக்கான இடம். கேரமில் தமிழ்நாட்டின் அண்மைக்காலப் பெருவெற்றிகள் பெண்களுடையவை. ஆம்பூர்ப் பகுதி ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் தெருமுனை மன்றங்கள் ஆண்களின் இடமாகவே இருக்கின்றன. பெண்பிள்ளைகள் ஆடுவது வீட்டுக்குள், விடுமுறையில், உறவினரோடு. வடசென்னையில் சிறுமிகள் தேர்ச்சி பெற்றது, அவர்கள் நாள்தோறும் வந்து ஆடும்படி தெருவுக்குள்ளேயே பயிற்சி மையங்கள் இருந்ததால்தான். தோல் பகுதியில் பள்ளி வளாகங்களும் நூலகங்களும் அந்த இடத்தைத் தரக்கூடும்.

வேறுபாட்டின் காரணங்கள்

டார்ட்ஸும் கேரமும் பிரிந்த இடத்துக்கு முதல் காரணம் பலகையின் நிலை. செங்குத்தாக நிற்கும் டார்ட்ஸ் பலகை அரங்கின் கடைசி வரிசைக்கும் கேமராவுக்கும் ஒரே மாதிரி தெரியும். கிடையாகக் கிடக்கும் கேரம் பலகையை ஆடுபவர்களின் உடலே மறைக்கும். நேர் மேலே கேமரா வைத்துப் பெருந்திரையில் காட்டினால் ஒழிய, நூறு பேர் கூடிய அரங்கில்கூடப் பத்துப் பேர்தான் ஆட்டத்தைப் பார்க்க முடியும். முன்பு இது பெரும் செலவு. இப்போது ஒரு கைப்பேசியும் தாங்கியும் போதும். மேலிருந்து படம்பிடித்த கேரம் ஆட்டங்களை இணையத்தில் ஏராளமானோர் பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம் கணக்கு. டார்ட்ஸில் ஒவ்வொரு அம்புக்கும் எண் உண்டு. மூன்று அம்புகளுக்கு எடுத்த சராசரி என்ற ஒரே எண்ணால் ஜோலார்பேட்டையில் ஆடுபவரையும் லண்டனில் ஆடுபவரையும் ஒப்பிட்டுவிடலாம். 100ஐ எட்டிய சராசரி உலகத்தரம் என்பது புதிய பார்வையாளருக்கும் உடனே புரியும். கேரமில் 25–13 என்ற முடிவு, ஆட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்லாது. ஸ்லாம்கள் எத்தனை, ஒரு முறை கைக்கு வந்தபோது தொடர்ந்து போட்ட காய்கள் எத்தனை, முதல் அடியிலேயே காய் விழுந்த விகிதம் என்ன, தண்டங்கள் எத்தனை என்பவற்றை எல்லா மட்டத்திலும் பதிந்து வெளியிட்டால் கேரமுக்கும் அப்படியோர் அளவுகோல் கிடைக்கும்.

மூன்றாவது காரணம் நாட்காட்டி. டார்ட்ஸ் ரசிகருக்கு வியாழக்கிழமை வந்தால் பிரீமியர் லீக், ஜூலை வந்தால் பிளாக்பூல், டிசம்பர் வந்தால் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்பது மனப்பாடம். விளம்பரதாரர் பணம் போடுவதும் ஆட்டக்காரர் பயிற்சியைத் திட்டமிடுவதும் அந்த உறுதியின் மேல்தான். கேரமில் போட்டிகள் நிறையவே உண்டு; ஆனால் அவை தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. ஒரு மாவட்டப் போட்டியில் பெற்ற வெற்றி அடுத்த மாவட்டப் போட்டியின் கணக்கில் சேர்வதில்லை. உலகக் கோப்பை வெற்றிக்குப் பிறகு ஊர் கூடி மாலை போடுகிறது. அடுத்த மாதம் அதே ஆட்டக்காரரை எங்கே போய்ப் பார்ப்பது என்று ரசிகருக்குத் தெரிவதில்லை.

செய்யக்கூடியவை

டார்ட்ஸை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. அதன் பந்தய நிறுவன விளம்பரங்களும் மதுக்கூடச் சூழலும் தமிழ்நாட்டுக்கு வேண்டாதவை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் ஒழுங்கை. திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து, தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மாதாந்திரத் தொடர் ஒன்றை நடத்தலாம்: ஒரு மாதம் ஆம்பூர், மறு மாதம் ஜோலார்பேட்டை, அதற்கடுத்து குடியாத்தம். கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிறன்று காலையில் தொடங்கி இரவுக்குள் முடியும் போட்டியாக இருந்தால் எவரும் கூலி இழக்க மாட்டார்கள். ஒவ்வொரு போட்டியிலும் முதல் பதினாறு இடங்களுக்குச் சிறு பரிசு, எல்லாப் பரிசும் சேர்ந்த ஆண்டுத் தரவரிசை, அந்தத் தரவரிசைப்படி மாநிலப் போட்டிக்கு நேரடி நுழைவு ஆகியவை இருந்தால் தெருவுக்கும் தேசிய அணிக்கும் நடுவே இன்று இல்லாத படிகள் உருவாகும். பெண்களுக்குத் தனித் தரவரிசையும், விரும்பினால் பொதுப்பிரிவில் ஆடும் உரிமையும் இருக்க வேண்டும்.

பணமும் எட்டாத உயரத்தில் இல்லை. ஏற்றுமதி வருவாயில் பேர்பெற்ற தோல் நிறுவனங்கள் தம் ஊழியர் அணிகளை இத்தொடரில் இறக்கலாம். பொதுத்துறை நிறுவனங்கள் கேரமுக்கு ஒரு காலத்தில் செய்த உதவியை இப்பகுதியில் தனியார் தொழில் செய்ய முடியும். ரயில்வே குடியிருப்புகளில் உள்ள இன்ஸ்டிட்யூட் கூடங்கள் வெளிச்சமும் இருக்கையும் உள்ள ஆயத்த அரங்குகள். மாநிலக் கேரம் அமைப்பு நடுவர்களுக்குப் பயிற்சி தந்து, போட்டிக் கணக்குகளை ஒரே படிவத்தில் பதியச் செய்தால், ஒரே பருவம் முடிவதற்குள் ஒப்பிடத்தக்க எண்கள் கையில் இருக்கும்.

கேரமுக்குத் திறமை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. உலக சாம்பியன்களை இந்த மாநிலம் மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து தந்திருக்கிறது. அவர்கள் வந்தது தனிமனித விடாமுயற்சியாலும், ஒரு சில தெருக்களின் பயிற்சி மரபாலும், வேலை தந்த நிறுவனங்களாலும். டார்ட்ஸ் தன் 16 பேரின் துணிச்சலை 128 பேரின் பிழைப்பாக மாற்ற ஏறத்தாழ இருபது ஆண்டு எடுத்துக்கொண்டது. கேரம் அதே வழியில் அடியெடுத்து வைக்க, தேதி மாறாத ஓர் ஆண்டு நாட்காட்டியை மாவட்ட அளவில் தொடங்குவதே முதல் வேலை.